வேலூர்க்காரங்க நேராப் பேசறாங்களா, இல்ல நமக்குத்தான் ஜாடை புரியலையா?

பாலாத்து மணல்

கோவை, ஈரோடு, நெல்லைப் பக்கத்திலிருந்து வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூருக்கு வேலைக்கு வர்றவங்க முதல் மாசமே சொல்றது ஒண்ணு: "இங்க யாரும் மரியாதையா பேசறதில்ல, எல்லாம் மூஞ்சில அடிச்ச மாதிரி." ஆறு மாசம் கழிச்சு அதே ஆளுங்க வேற ஒண்ணு சொல்றாங்க: "இவங்க மனசுல என்ன இருக்குன்னே தெரியல." ஒரே ஊரைப் பத்தி இந்த ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?

வேலூரைச் சுத்தின இந்த வடாற்காட்டுப் பேச்சு தெரிஞ்சவங்க, மத்த வட்டாரம் தெரிஞ்சவங்க விளக்குங்க. சொந்தக் கதை வேணாம், அதுக்கு வேற இழை ஓடுது. எதைச் சொன்னா என்ன அர்த்தம், எங்க கோணுது, எப்படி நிமிர்த்தறது, அது போதும்.

முள்ளுக்கத்தரி

முதல் மாசத்துப் புகார் முழுக்க சொல்லைப் பத்தினது. "இன்னா", "குந்து", "துன்னியா", "வூட்ல கீறாரா", இந்த நாலும் போதும் வெளியூர்க்காரருக்குக் காது சூடாக. தெற்கிலயும் மேற்கிலயும் பல இடத்துல "தின்னு" மாட்டுக்குச் சொல்றது, இல்லன்னா திட்டுறப்ப சொல்றது. இங்க "சோறு துன்னியா"ன்னு கேட்டா அது வெறும் அக்கறை. "குந்து"வும் அப்படித்தான். நாற்காலியைத் துடைச்சுப் போட்டுட்டு "குந்து நைனா"ன்னு சொல்ற ஆளை மரியாதை தெரியாதவர்னு நினைச்சா நஷ்டம் நமக்கு.

மரியாதை இங்க வாக்கியத்தோட வாலில் இருக்கு. பா, மா, ணா, க்கா. அப்பா வயசுக்காரரை "நீ சொல்லுபா"ன்னு ஒருமையில் கூப்பிடுவாங்க. அந்த "பா"தான் கனம் தாங்குது, "நீ" இல்ல. நீ, நீங்க மட்டும் எண்ணிக்கிட்டிருக்கிறவருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

கோபத்தையும் அதே வாலில்தான் பார்க்கணும். "இன்னாபா" "இன்னா"ன்னு குறைஞ்சா வருத்தம். "இன்னா" போய் "சொல்லுங்க"ன்னு சுத்தமான பன்மை வந்தா விஷயம் முத்திடுச்சு. நேத்து வரைக்கும் "வா, குந்து"ன்னவர் இன்னிக்கு "வாங்க, உட்காருங்க"ன்னா சந்தோஷப்படாதீங்க.

இன்னொண்ணு, "வடாற்காடு"ன்னு ஒரே மூட்டையா கட்டாதீங்க. 1911ல சித்தூர் பிரிஞ்சது, 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சது, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சது. பேச்சும் அதே மாதிரி துண்டு துண்டு. அரக்கோணத்துல சென்னை வாடை, திருப்பத்தூர்ல தருமபுரி வாடை, குடியாத்தம் பேரணாம்பட்டு தாண்டினா தெலுங்கு, ஆம்பூர் வாணியம்பாடியில உருது.

நொய்யல்

கொங்குப் பக்கம் இதுக்கு நேர் எதிர். "ங்க" எந்தக் கோபத்திலயும் விழாது. சண்டை போடறப்பவும் "போங்க போங்க"ன்னுதான். அதனால வாலைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. எங்க ஊர்ல "மாட்டேன்" தேதிக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

"பாக்கலாங்க", "ஆகட்டும் பாப்போங்க", "சொல்லி உடறனுங்க", மூணுமே பெரும்பாலும் மறுப்பு. சோதிக்கிற வழி சுலபம். "சரிங்க, வியாழக்கிழமை வரட்டுங்களா?"ன்னு கிழமை சொல்லிக் கேளுங்க. "வியாழன் வேண்டாங்க, வெள்ளி வாங்க"ன்னா சம்மதம். மாற்று நாள் சொல்லாம "உங்களுக்கு எதுக்குங்க செரமம்"னு ஆரம்பிச்சா கதவு சாத்தியாச்சு. ரெண்டு தடவைக்கு மேல கேட்கக் கூடாது. மூணாவது தடவை கேட்டா அவரை வாய் திறந்து "முடியாது"ன்னு சொல்ல வெச்ச பாவம் நம்மளோடது, அதை லேசுல மறக்க மாட்டாங்க.

வேலூர்ல இது என்ன ஆகுதுன்னா, கொங்குக்காரர் "பாக்கலாங்க"ன்னு சொன்னதை இவங்க நிஜமாவே "பார்க்கலாம்"னு எடுத்துக்கிட்டு மறுநாள் போன் அடிக்கிறாங்க. அதுக்கடுத்த நாளும் அடிக்கிறாங்க. ஒருத்தருக்கு மத்தவர் தொல்லை, மத்தவருக்கு இவர் ஏமாத்துப் பேர்வழி.

பொருநை

நெல்லைக்கும் ஒரு வரி. அங்க நீ, நீங்க ரெண்டுக்கும் நடுவுல "நீரு" ஒண்ணு இருக்கு, கூடவே "வே". "என்னவே, நீரு வரலையா" சம வயசுக்கு, கொஞ்சம் நெருக்கத்துக்கு. "ஏலே" நெருக்கத்தோட உச்சம். "ஏலே"ன்னு கூப்பிட்டவர் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சா அதுதான் அபாய மணி. குத்தல் அங்க பாராட்டு வேஷத்துல வரும்: "நீரு பெரிய ஆளுவே, நமக்கு அதெல்லாம் தெரியுமா." வேலூர்க்காரர் இதைக் கேட்டு நெசமாவே பாராட்டுன்னு தலையாட்டினா பார்க்கிறவங்களுக்குத் தமாஷ்.

கோட்டை அகழி

பேசற விஷயத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்கு, பாஸிவ் அக்ரஸிவ். இப்ப எல்லாரும் எதுக்கெடுத்தாலும் அதைப் போடறாங்க. அது எங்க பிறந்ததுன்னு தெரிஞ்சா இந்த இழைக்கு உதவும்.

பிறந்த இடம் ராணுவம். 1945ல, வில்லியம் மெனிங்கர் பொறுப்புல அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான மருத்துவக் குறிப்புல வந்தது. கட்டளையை நேரா மறுத்தா தண்டனை. அதனால சிப்பாய் மறுக்க மாட்டான். தாமதப்படுத்துவான், மறந்துட்டேன்பான், அரைகுறையா முடிப்பான், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். 1952ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட முதல் கையேட்டுல இது ஆளுமைக் கோளாறுன்னு ஏறுச்சு. 1994ல பிற்சேர்க்கைக்குத் தள்ளினாங்க. 2013 பதிப்புல தனிக் கோளாறா இல்லவே இல்ல. அதாவது இன்னிக்கு இது நோயின் பேர் இல்ல, நடத்தையின் பேர். "அவ ஒரு பாஸிவ் அக்ரஸிவ்"னு ஆளுக்கு முத்திரை குத்தறது அர்த்தமில்லாதது.

நம்ம வேலூர்க் கோட்டையிலயே இதுக்கு உதாரணம் கிடக்கு. 1805 நவம்பர்ல புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாதுன்னு உத்தரவு. 1806 மே மாசம் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையைப் போட மாட்டோம்னு நின்னாங்க. அதுக்குக் கிடைச்சது சவுக்கடி. அதுக்கப்புறம் மேலே அமைதி, உள்ளே கொதிப்பு. ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்க் கிளர்ச்சியா வெடிச்சது எல்லாருக்கும் தெரியும். நேராச் சொன்னவனுக்கு அடி விழுந்தா அடுத்தவன் நேராச் சொல்ல மாட்டான். அதிகாரி அந்த அமைதியை அடக்கம்னு படிச்சா தப்பு அதிகாரி மேல.

திண்ணை

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஊர் ஊர்னு பிரிக்கிறீங்களே, ஜாடைப் பேச்சு ஊரைப் பார்த்து வர்றதில்ல, இடத்தைப் பார்த்து வருது. மாமியார் வீட்டு அடுப்படியில வேலூர் மருமகளும் ஒண்ணுதான், திருநெல்வேலி மருமகளும் ஒண்ணுதான். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வைக்கிறது ரெண்டு ஊர்லயும் ஒரே மொழி. வாய் திறந்தா விலை கொடுக்க வேண்டியவங்க ஜாடை பேசுவாங்க. விலை கொடுக்க வேண்டாதவங்க "நான் மனசுல பட்டதைச் சொல்ற ஆளு"ன்னு பெருமையடிப்பாங்க. மிராசுதார் நேராப் பேசறது குணம் இல்ல, வசதி.

நொய்யல்

ஒத்துக்கறேன், பாதிக்கு. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன்னு ரெண்டு பேர் 1978ல மரியாதைப் பேச்சு பத்தி ஒரு கோட்பாடு வெச்சாங்க. அதுக்கு எடுத்துக்கிட்ட மூணு மொழியில ஒண்ணு தமிழ், அதுவும் கோவை மாவட்டக் கிராமத் தமிழ். ஒருத்தர் எவ்வளவு சுத்தி வளைப்பார்ங்கறதை மூணு விஷயம் முடிவு பண்ணுதுன்னாங்க: ரெண்டு பேருக்கும் உள்ள தூரம், யார் கை மேல, கேட்கிற விஷயம் எவ்வளவு பாரம். நீங்க சொல்றது ரெண்டாவது. அது சரி. ஆனா எந்தப் பொருள் பாரம், எது லேசு, அது ஊருக்கு ஊர் மாறுது. வாசல்ல நின்னு தண்ணி கேட்கறது எங்கயும் லேசு. கல்யாணத்துக்கு 2 நாள் வேன் கேட்கறது ஒரு ஊர்ல உரிமை, இன்னொரு ஊர்ல பெரிய கடன்.

சிறைப்புறம்

தமிழ்ல இதுக்கு ஒரே சொல் தேடாதீங்க. நாலு தனித்தனி விஷயம் இருக்கு, நாலுக்கும் மருந்து வேற. பேச வேண்டியவரை விட்டுட்டுப் பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்துப் பேசறது ஜாடை. சிரிச்சுக்கிட்டே பழசைக் கிளறி ஊசி ஏத்தறது குத்தல். பேசாம இருந்து தண்டிக்கிறது, மூஞ்சி தூக்கல். "சரி"ன்னு தலையாட்டிட்டு வேலையை இழுத்தடிக்கிறது முரண்டு. குத்தலுக்குச் சொல்ற பதிலை மூஞ்சி தூக்கினவர்கிட்ட சொன்னா இன்னும் ரெண்டு வாரம் பேச மாட்டார்.

ஜாடைக்கு நம்மகிட்ட 2000 வருஷத்துக் கணக்கு இருக்கு. சங்க அகப்பாட்டுகளோட துறைக்குறிப்புல, அதாவது யார் எந்தச் சூழல்ல பேசறாங்கன்னு சொல்ற வரியில, "தலைவன் சிறைப்புறத்தானாக" அப்படின்னு அடிக்கடி வரும். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். தோழி அவனைப் பார்க்கவே இல்லாத மாதிரி தலைவிகிட்ட பேசுவா. காதுல விழ வேண்டியது விழும், யாரும் யாரையும் கேட்டதா ஆகாது. மகளைத் திட்டி மருமகளுக்கு உறைக்க வைக்கிறது இதே கட்டுமானம்தான், நோக்கம்தான் வேற.

குத்தலுக்கு ஔவையார் போதும். அதியமானுக்காகத் தூது போய் தொண்டைமானோட ஆயுதசாலையைப் பார்த்துப் பாடினது, புறநானூறு 95. உன் ஆயுதம் எல்லாம் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் வீட்டுல பளபளன்னு இருக்கு. அதியமானோடதோ பகைவரைக் குத்தி நுனி ஒடிஞ்சு எப்பவும் கொல்லன் பட்டறையிலயே கிடக்கு. ஒரு வசைச் சொல் கிடையாது. தொண்டை மண்டலத்துல தானே வடாற்காடு இருக்கு, அந்த வகையில இந்த ஊருக்குக் குத்தல் வாங்கிக்கிற அனுபவம் ரொம்பப் பழசு.

முள்ளுக்கத்தரி

கடைசி வரிக்கு வன்மையான கண்டனம்.

மொய்நோட்டு

ஆறு மாசத்துப் புகாருக்கு, "மனசுல என்ன இருக்குன்னே தெரியல"ங்கறதுக்கு, இன்னும் யாரும் பதில் சொல்லலை. வடாற்காட்டுல வாய் நேரா இருக்கும். வருத்தம் வாயில வராது, செய்முறையில வரும். வெளியூர்க்காரர் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கார், சேதி தாம்பாளத்துல போயிடுது.

பத்திரிகை வைக்கிறதை எடுத்துக்கோங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து, தட்டுல வெத்தலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோட வெச்சு, வீட்டுப் பெரியவங்களையும் பொம்பளைங்களையும் தனித்தனியா "வந்துடணும்"னு கூப்பிட்டா அது முழு அழைப்பு. பையனை மட்டும் அனுப்பினா ஒரு படி இறக்கம். தெருவுல பார்த்தப்ப பையிலிருந்து எடுத்துக் கொடுத்தா இன்னும் ஒரு படி. வாட்ஸ்அப்ல படம் வந்தா, "வந்தா வா, வராட்டி போ." இதுல யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லலை பாருங்க.

அதிகமாச் சிக்கறது மூணு இடம். அண்ணன் தம்பி ஒரே காம்பவுண்டுல தனித்தனி அடுப்பு வெச்சிருப்பாங்க. அண்ணன் வீட்டுல ஒரு பத்திரிகை வெச்சுட்டு "தம்பிக்கும் சொல்லிடு"ன்னா தம்பி வர மாட்டார், ஏன்னும் சொல்ல மாட்டார். அடுப்பை எண்ணுங்க, கதவை எண்ணாதீங்க. அடுத்தது பத்திரிகையில பேர். தாய்மாமன் பேர் விட்டுப்போனா, இல்ல சித்தப்பா வரிசைக்குக் கீழே போனா, அச்சுப்பிழைன்னு யாரும் நம்ப மாட்டாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துப் பெரியவங்ககிட்டயும் படிச்சுக் காட்டறது எதுக்குன்னா எழுத்துப்பிழைக்காக இல்ல, இதுக்காக. மூணாவது, பந்தி. கூப்பிட்டு வந்தவரை "சாப்ட்டியா"ன்னு கேட்டா பத்தாது, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் குந்த வைக்கணும். தானா போய் சாப்பிட்டவர் சாப்பிடாதவர் கணக்கு.

விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா என்ன செய்யணும்? போன்ல சமாதானம் சொல்லாதீங்க, அது "சும்மா ஒப்புக்கு". முகூர்த்தத்துக்கு ஒரு நாளாவது முன்னாடி தட்டோட நேர்ல போங்க. "மறந்துட்டேன்"னு சொன்னா அதுவே இன்னொரு அவமானம். "தப்பு எங்களுது, நீ வராம விசேஷம் இல்ல"ன்னு சொல்லுங்க. அவர் கொஞ்சம் திட்டுவார். திட்டினா நல்லது, வாய்க்கு வந்துட்டா முடிஞ்சது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வந்துடறோம்"னு பன்மையில் சிரிச்சா, மொய் மட்டும் யார் கையிலாவது வரும், ஆள் வராது.

மொய்யும் பேசும். 500 வெச்சவருக்கு சில வருஷம் கழிச்சு அவர் வீட்டு விசேஷத்துல கொஞ்சம் கூட்டி வெச்சா உறவு ஓடுதுன்னு அர்த்தம். மொய் எழுதின நோட்டைப் பார்த்து அதே 500ஐ அப்படியே திருப்பினா "கணக்கு சரி, இனி உனக்கும் எனக்கும் பாக்கி இல்ல." பணம் இல்லாமலும் அப்படி நடக்கும். அதனால ஒரே ஒரு தடவையை வெச்சு முடிவு கட்டாதீங்க. ஆள் நேர்ல வந்தாரா, சாப்பிட்டாரான்னு சேர்த்துப் பாருங்க.

சாவு வீடு மட்டும் இதுக்கெல்லாம் வெளியே. நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும். பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டுக்கு மறுபடி கால் வைக்க யாருக்கும் தலை குனியாத ஒரே வாசல் அதுதான். மாலையோட போய், பத்து நிமிஷம் குந்திட்டு, ஒண்ணும் பேசாம வந்தாலே போதும். பழைய விஷயத்தை அங்க எடுத்தா எல்லாம் கெட்டுது.

ஆம்பூர் தம்

எங்க பக்கத்து உருதுல ஒரு சொல் இருக்கு, "நக்கோ". தக்கணி உருதுல, அதாவது தென்னாட்டு உருதுல, புழங்கற சொல், வேண்டாம்னு அர்த்தம். டெல்லி உருதுல "நஹீ"ன்னு சொல்லி, அதுக்கு முன்னாடி பின்னாடி நாலு மன்னிப்பு வெப்பாங்க. இங்க "நக்கோ" தனியாவே நிக்கும், யாருக்கும் கோபம் வராது. தமிழ்ல "வேணாம்பா" எப்படியோ அப்படி. ஆம்பூர் கடைத்தெருவுல வேலை பார்க்கிற வெளியூர்க்காரர் இதைக் கேட்டு மூஞ்சி சுருங்க வேண்டியதில்ல.

பாத்திரம் பத்தியும் சொல்லணும். பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுக்கு பிரியாணியும் கத்தரிக்காயும் போனா அந்தப் பாத்திரம் வெறுமனே திரும்பி வரக் கூடாது. நாலு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை, எதுவோ. உடனே கழுவி வெறுசா வந்தா "உன் வீட்டு வாடை வேணாம்"னு படிக்கப்படும். இது மத பேதமில்லாம ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வெளியூர்ல இருந்து வந்தவங்க சுத்தமா கழுவிக் கொடுக்கறதே மரியாதைன்னு நினைச்சு பத்தே நிமிஷத்துல திருப்பிடறாங்க. ரெண்டு நாள் வெச்சிருங்க, தப்பில்ல.

பாலாத்து மணல்

வேலை இடத்துக்கும் யாராவது சொல்லுங்க. ஷூ கம்பெனி, தோல் ஷாப்பு, ஆபீஸ்.

ஷிப்ட் சங்கு

சொல்றேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனி லைன்ல புது சூப்பர்வைசர் பண்ற முதல் தப்பு "முடியுமா?"ன்னு கேட்கறது. அதுக்கு ஒரே பதில்தான் உண்டு, "முடியும் சார்." அந்த "முடியும்"க்கு "கேட்டுச்சு"ன்னு மட்டும்தான் அர்த்தம். இப்படிக் கேளுங்க: "இப்ப எத்தினி ஜோடி ஆச்சு? சாப்பாட்டு மணிக்குள்ள எத்தினி ஆகும்? நடுவுல எது நிக்கும்?" மூணாவது கேள்விதான் முக்கியம். நூல் சரியில்ல, மேல்தோல் வெட்டு அளவு மாறி வந்திருக்கு, ஊசி அடிக்கடி உடையுது, இதெல்லாம் கேட்டாத்தான் வரும். கேட்காம விட்டா சாயந்தரம் எண்ணிக்கை குறையறப்ப "காலையிலயே தெரியும் சார்"னு நாலு பேர் சொல்வாங்க. அப்ப உங்களுக்குக் கோபம் வரும். ஆனா காலையில கேட்காதது நீங்க.

முரண்டை எப்படி அடையாளம் காண்றது? ஆள் வேகம் குறைஞ்சாலே முரண்டு இல்ல, உடம்பு சரியில்லாம இருக்கலாம், மிஷின் கோளாறா இருக்கலாம். ஒரே லைன்ல மூணு நாலு பேர் ஒரே நாள்ல எல்லாத்தையும் சட்டப்படி செய்ய ஆரம்பிச்சா அதுதான் முரண்டு. ஒவ்வொரு சின்னக் குறைக்கும் பீஸை நிறுத்தி "சார், பாருங்க"ன்னு கூப்பிடுவாங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரும். தானா ஒரு வார்த்தை வராது. டீ மணி அடிச்ச நொடியில கை நிக்கும். இதுல எதையும் தப்புன்னு சொல்லி மெமோ கொடுக்க முடியாது, அதுதான் அதோட அழகு.

காரணம் பெரும்பாலும் முந்தின ரெண்டு மூணு நாளுக்குள்ள இருக்கும். யாரையோ லைன் நடுவுல வெச்சுத் திட்டியிருப்பீங்க. இல்ல லீவு கேட்டவங்களுக்கு "பாக்கலாம்"னு சொல்லிட்டு மறந்திருப்பீங்க. கொங்குல "பாக்கலாம்" மறுப்பு, நொய்யல் சொன்ன மாதிரி. இங்க அது பாதி வாக்குறுதி. காத்துக்கிட்டு இருப்பாங்க.

சரி பண்றப்ப எல்லாரையும் கூட்டி "என்ன பிரச்சினை, சொல்லுங்க"ன்னு கேட்காதீங்க. நேராப் பேசற ஊராச்சேன்னு நம்பி நிறைய பேர் இதுல விழறாங்க. கூட்டத்துல எழுந்து பேசறவர் நாளைக்கு இலக்கு ஆவார்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க. லைன்ல வயசுல மூத்த ஒரு அக்கா இருப்பாங்க, எல்லாரும் அவங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அவங்ககிட்ட தனியா, நின்னுக்கிட்டே, ஒரே நிமிஷம்: "யக்கா, என் மேல வருத்தம் போல கீது, இன்னான்னு தெர்ல." பதில் அப்பவே வராது. மறுநாள் டீ நேரத்துல வரும். அதுவும் "அந்தப் பொண்ணு அன்னிக்கு சோறே துன்னல சார்"னு சுத்தித்தான் வரும். அங்கிருந்து நீங்களா பிடிச்சுக்கணும். மன்னிப்பு கேட்கறதா இருந்தா திட்டின இடத்துல, அதே பேர் முன்னாடி கேட்கணும். கேபினுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டா கணக்குல வராது.

தறிக்காரங்க கிட்டயும் இதே சங்கதிதான். குடியாத்தம் லுங்கி ஆனாலும் ஆரணிப் பட்டு ஆனாலும், கூலியில மனக்குறை இருந்தா தறி நிக்காது. ஊடை, அதான் குறுக்கு நூல், கொஞ்சம் தளர்வா விழும். துணியைக் கையில எடுத்து வெளிச்சத்துல பார்த்தா தெரியும். வாய்ல "பாவு (நெடுக்கு நூல்) சரியில்ல"ன்னு வரும். பாவையும் சரி பாருங்க, நிஜமாவே சரியில்லாமலும் இருக்கும்.

கோட்டை அகழி

ஜேம்ஸ் ஸ்காட்னு ஒருத்தர் மலேசியாவுல கெடா பக்கம் நெல் விளையற கிராமம் ஒண்ணுல இதையே பார்த்து 1985ல எழுதினார். இழுத்தடிக்கிறது, தெரியாத மாதிரி நடிக்கிறது, மேலுக்குப் பணியறது, இதெல்லாம் இல்லாதவன் கையில இருக்கிற ஆயுதம்னு. ஷிப்ட் சங்கு சொல்றதும் திண்ணை சொன்னதும் அங்க சேருது.

அடுக்களை அரசி

ஜாடைக்கு என்ன பதில் சொல்றதுன்னு யாரும் சொல்லலையே.

சிறைப்புறம்

சபையில பதில் சொல்லக் கூடாது, முதல் விதி அது. ஜாடையில எப்பவும் பின்வாசல் ஒண்ணு வெச்சுத்தான் கட்டியிருப்பாங்க. "உன்னையா சொன்னேன், பொதுவா சொன்னேன்." இதைச் சொன்னதும் கேட்டவர் தலைதான் குனியும்.

வடாற்காட்டுல நேராக் கேட்கலாம், தனியா. அன்னிக்கே, சாயந்தரத்துக்குள்ள. "மதியம் சொன்னியே அத்தே, அது எனக்கா?" குரல் ஏறாம. ஏன் அன்னிக்கேன்னா, நாலு நாள் கழிச்சுக் கேட்டா "இத்தினி நாளா மனசுல வெச்சினு இருந்தியா"ன்னு தப்பு உங்க பக்கம் திரும்பிடும். கொங்குலயோ தஞ்சாவூர்ப் பக்கமோ இப்படிக் கேட்கறதே சண்டைக்கு இழுக்கற மாதிரி. அங்க ரெண்டு பேருக்கும் பொதுவான மூணாம் ஆளை அனுப்பணும், இல்ல விஷயத்தை மட்டும் சத்தமில்லாம சரி பண்ணிட்டு விட்டுடணும்.

மூஞ்சி தூக்கினவர்கிட்ட "என்ன கோவம்?"னு கேட்காதீங்க, "ஒண்ணுமில்ல"தான் வரும். வேலை சம்பந்தமா சின்னதா ஒரு உதவி கேளுங்க. "இந்தப் புளி போதுமா பாரேன்." கை கொடுத்தா வாய் தானா வரும். ஊடலுக்கு வள்ளுவர் உப்பைச் சொன்னார், 1302வது குறள். அளவா இருந்தா ருசி, கொஞ்சம் மிஞ்சினா சாப்பாட்டையே கெடுக்கும். வீட்டுக்குள்ள ரெண்டு நாள் அளவு, மூணாவது நாள் யாராவது ஒருத்தர் இறங்கணும்.

பொருநை

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் விட்டுப்போச்சே. இப்பத்த சிறைப்புறம் அதுதான். "முதுகுல குத்தறவங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க"ன்னு ஒரு படம். 300 பேர் பார்ப்பாங்க, ஒருத்தருக்குத்தான் உறைக்கணும். பிரச்சினை என்னன்னா சம்பந்தமில்லாத பத்து பேர் தனக்குன்னு நினைச்சுக்குவாங்க.

முள்ளுக்கத்தரி

24 மணி நேரத்துல தானா அழிஞ்சிடும், அதுவும் ஒரு பின்வாசல். பார்த்தவங்க பட்டியல் போட்டவருக்குத் தெரியும், அதனால திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீங்க. பதில் ஸ்டேட்டஸ் போடாதீங்க. அன்னிக்கே போன் போட்டு வேற ஏதாவது பேசுங்க. "இலவம்பாடி கத்தரிக்கா இன்னா வெல?" போதும்.

காட்பாடி பிளாட்பாரம்

ஒரு துணுக்கு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளிகளை லாட்ஜ், கடைத்தெருவுல "தாதா"ன்னு கூப்பிடறாங்க. அவங்க மொழியில அது அண்ணன். மதுரையிலிருந்து வந்த ஆள் பக்கத்துல நின்னு கேட்டா, ரவுடி யாரோ வந்துட்டான்னு திரும்பிப் பார்க்கறாங்க.

பாலாத்து மணல்

மொய்நோட்டுக்கு ஒரு கேள்வி. வாடகைக்கு இருக்கிற வெளியூர்க்காரர். மேல் வீட்டு ஓனர் கல்யாணப் பத்திரிகையைக் கேட்ல வெச்சே கொடுத்துட்டு "வந்துடுபா"ன்னு போயிட்டார். போகணுமா, வேணாமா?

மொய்நோட்டு

"பா" இருந்துச்சா? போங்க. தட்டோட மேல ஏறி வரலைன்னா முழு அழைப்பு இல்ல, அதனால குடும்பத்தோட வேணாம், நீங்க மட்டும் ரிசப்ஷனுக்குப் போனா போதும். 501 எழுதுங்க, சாப்பிட்டுட்டு வாங்க. வர்றப்ப ஓனரம்மா கண்ணுல படற மாதிரி வாங்க. மறுநாள் தாம்பூலப் பை மேல் வீட்டிலிருந்து உங்க சம்சாரத்துக்குத் தனியா வந்துச்சுன்னா அடுத்த விசேஷத்துக்குத் தட்டு வரும்.

பாலாத்து மணல்

வரலைன்னா?

மொய்நோட்டு

அப்ப வாடகையை 5ஆம் தேதிக்குள்ள கொடுத்துடுங்க.